வாயில் நாலு மூடி

திமிர் பிடித்தவள் என்று சொல்வதற்கு முதல் அவளுடைய வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் வாகனத்தை நிறுத்திவிட்டு, ரயருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் சிவகௌரியிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் வராது. வர வழியில்லை. நாலு ரயர்களின் வால்வு மூடிகளும் அவளுடைய இடது கன்னத்துக்குள் கிடக்கும். மணலில் வைத்தால் மணலுக்குப் போய்விடும், மடியில் போட்டால் எழும்பும்போது உருண்டுவிடும். வாயில் வைத்தால் தொலையாது. பல்லுக்கொதிக்காரி மாதிரி ஒரு பக்கம் வீங்கின முகத்தோடு அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அதைத்தான் ஊர் திமிர் என்கிறது.

பக்கத்து வளவுச் சின்னாச்சி கிணற்றடியில் சொல்லித் திரிவது இன்னும் மோசம். "உவள் சொந்தத் தமையனுக்கு ஒரு 'போட்டு வாறன்' எண்டுகூடச் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போனவள்." சொல்லாமல் போனது உண்மைதான். மிச்சமெல்லாம் சின்னாச்சியின் கைச்சரக்கு.

சிவகௌரி நாற்பதைத் தாண்டியவள். தமையன் தியாகலிங்கத்தின் பழைய முழுக்கைச் சட்டையைப் பாவாடைக்கு மேலே போட்டிருப்பாள். கொண்டையில் எப்போதும் ஒரு ஊசி. அந்த ஊசியை உருவி, அதன் நுனியால் வால்வின் நடுவை அழுத்துவாள். காற்று சீறிக்கொண்டு வரும். தலையைச் சரித்துக் காது கொடுத்துக் கேட்பாள். பிறகு குதிக்காலால் ரயரில் ஒரு உதை. "வயிறு கொஞ்சம் தள்ளினால் காணும்" என்பது அவளுடைய அளவு. பந்தயம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் அளவுகோலைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம், நாலும் ஒன்றுபோல இருக்கும்.

குடத்தனைக்கு அங்காலே, தார் றோட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது முழுக்க மணல். கரைவலை இழுக்கிற தியாகலிங்கத்தின் மீனை ஏற்ற ஒரு பழைய பிக்கப் உண்டு. முந்திய சாரதி வெளிநாடு போனபிறகு, கலியாணம் பேசிப் பேசிச் சரிவராமல் தமையன் வீட்டுக் குசினியிலேயே காலம் போக்கிக்கொண்டிருந்த தங்கச்சி, கையைத் துடைத்துவிட்டு வாகனத்தின் திறப்பை எடுத்தாள். முதலில் அவளும் எல்லாரையும் போல மணலில் புதைந்தாள், உழவு இயந்திரம் வந்து இழுக்கும்வரை காத்திருந்தாள். ஒருநாள் பின் ரயர்களில் முள் ஏறிக் காற்றுப் பாதியாய்ப் போயிருந்தது. அன்றைக்குப் பார்த்தால் வாகனம் தாழவில்லை. இறுகின ரயர் மணலை வெட்டும், தளர்ந்த ரயர் மணலில் பாய் விரிக்கும் என்று அவள் அப்படித்தான் கண்டுபிடித்தாள்.

ஆனால் தளர்ந்த ரயரோடு தார் றோட்டில் ஓட ஏலாது. சூடேறிப் பக்கம் பிளந்துவிடும். காற்றடிக்கிற கடை எங்கேயோ தூரத்தில். அதுவரைக்கும் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து, வரணியைத் தாண்டிக் கொடிகாமம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால், வியாபாரிகள் செவுளைத் தூக்கிப் பார்த்து, நிறம் போன மீனை விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார்கள். அதனால்தான் அவள் வாகனத்துக்குள்ளேயே காற்றடிக்கும் மெஷின் ஒன்று வைக்க முடிவெடுத்தாள். தேங்காய் அளவு மோட்டர், கொம்பிரசர் என்று பெயர்.

கொடிகாமத்தில் வாகன வயரிங் செய்கிற ஜெயசுதன் முன் மூடியைத் திறந்து, பற்றரிக்குப் பக்கத்தில் இடம் காட்டினான். கிட்ட என்றால் வயர் மிச்சம் என்றான். கௌரி எஞ்சினுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அடுப்படியிலை கொண்டுபோய் ஐஸ் பெட்டி வைப்பியே தம்பி? இது தானாவே சூடாகிற சாமான்."

அப்படியானால் பின் பெட்டியில் வைப்போம் என்றான். அங்கே மீன் தண்ணீர் ஓடும், ஒரு மாரிக்குள் உப்புத் தின்றுவிடும் என்று அதையும் தள்ளினாள். கடைசியில் சாரதி ஆசனத்துக்குப் பின்னால், வெயிலும் தண்ணீரும் படாத மூலையில், ஒரு சாண் உயரத்தில் தகடு வைத்துப் பூட்டச் சொன்னாள். அதிர்வு தாங்க, தன்னுடைய தேய்ந்த செருப்பை வெட்டி அடியில் கொடுத்தாள். குழாய் வெளியே வர நிலத்தகட்டில் ஒரு துளை. தமையனின் வாகனத்தை ஓட்டையாக்கிவிட்டாள் என்று சின்னாச்சி சொன்னது அந்த ஒரு துளையைத்தான்.

இடத்தில் வென்றவள் வயரில் தோற்றாள். சிவப்பு வயரைத் தடிப்பாய்ப் பற்றரியிலிருந்தே நேராக இழுத்து, பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் போட்டான் ஜெயசுதன். எரிகிறதென்றால் முதலில் அதுதான் எரியவேண்டும், வாகனம் எரியக்கூடாது என்றான். திறப்புப் போட்டிருந்தால் மட்டும் வேலை செய்கிற சுவிட்ச் ஒன்றும் வைத்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கறுப்பு வயரையும் பற்றரிக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றபோதுதான் பிடிவாதம் வந்தது. வாகனம் முழுக்க இரும்புதானே, ஆசனத்துக்குக் கீழே தகட்டிலேயே முடுக்கிவிடு என்றாள்.

"அக்கா, உங்கடை வாகனம் கடலிலை குளிக்கிறது" என்று அவன் மெதுவாகச் சொன்னான். அவள் கேட்கவில்லை; தகட்டிலேயே முடுக்குவித்தாள்.

கொஞ்சக் காலம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு காலை, மணலைத் தாண்டித் தார் விளிம்பில் நிறுத்திச் சுவிட்சைப் போட்டாள். மோட்டர் நோயாளி போல முனகியது, இழுத்தது, நின்றது. சின்னாச்சியின் மகன் கோபிசங்கர் தன்னுடைய லொறியில் சாய்ந்து நின்றான்.

"காத்துக்கௌரியக்கா, வாயாலை ஊதுங்கோவன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, வாயில் நாலு மூடி. அன்றைக்கு மீன் நைந்தது, ஒரு ரயரும் பிளந்தது. பின்னேரம் தியாகலிங்கம் விறாந்தையில் இருந்து, அவளைப் பார்க்காமலே கதைத்தார்.

"இன்னொருக்கால் மீன் பழுதாய்ப் போனால் வாகனத்தை வித்துப்போடுவன், பிள்ளை. நீ குசினியைப் பார்."

கெட்ட மனிதரல்ல. வலை இழுக்கிற அத்தனை பேரின் அடுப்பும் அந்தப் பெட்டிகளில் எரிவதை அறிந்தவர். கௌரி நேரே வாகனத்தடிக்குப் போனாள். ஆசனத்தைக் கழற்றி, தான் முடுக்கச் சொன்ன ஆணியைத் திருகினாள். ஆணி திருகாமலே கையோடு வந்தது, கூடவே தகடும் பொரி பொரியாய் உதிர்ந்தது. அந்தத் துருவைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய் ஜெயசுதனின் மேசையில் கொட்டினாள். "நீ சொன்னமாதிரியே கட்டு" என்றாள், அவ்வளவுதான். அவன் சிரிக்கவில்லை. கறுப்பு வயரைச் சிவப்பு வயரோடு அருகருகே பற்றரிவரை கொண்டுபோய், முனைகளுக்குக் கிறீஸ் பூசிவிட்டான்.

பிறகு வந்தது அந்தப் பாரை மீன் நாள். வலை கரை தொட்டபோது மணல் முழுக்க வெள்ளி. தியாகலிங்கம் பெட்டிகளை ஏற்றுவித்துவிட்டு, தானும் முன் ஆசனத்தில் ஏறி இருந்தார். கோபிசங்கரின் லொறி அச்சுவரை தாழ்ந்து கிடந்தது. கௌரி ஊசியை உருவினாள், நாலு ரயரும் வயிறு தள்ளின, பிக்கப் மணலுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போனது. தார் விளிம்பில் எஞ்சினை நிறுத்தாமல் சுவிட்சைப் போட்டாள். ஆசனத்துக்குப் பின்னால் மோட்டர் ஒரே சீராய் இரைந்தது. இரண்டு ரயருக்குப் பிறகு அதற்குச் சற்று ஓய்வு கொடுத்தாள். நேரம் போகுதென்று தமையன் அந்தரப்பட்டார். அவள் மூடிகளைக் கையில் துப்பிவிட்டு, "அதுக்கும் மூச்சு விடவேணும், அண்ணை" என்றாள்.

கொடிகாமத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த மீன் அன்றைக்கு அவளுடையது. செவுளைத் தூக்கிய விரல்கள் சிவப்பைக் கண்டு அங்கேயே நின்றன, பெட்டிகள் இறக்க முதலே விலைபோய் முடிந்தன. திரும்பி வரும்போது தியாகலிங்கம் ஆசனத்துக்குப் பின்னால் கையை விட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல அந்த மோட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த கிழமை தார் விளிம்பில் வாகனங்கள் வரிசையாய் நின்றன. எல்லாம் வயிறு தள்ளிய ரயர்களோடு. வரிசையின் கடைசியில் கோபிசங்கர். அவனுடைய முறை வந்ததும் கௌரி வாயிலிருந்த மூடிகளை ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்தாள்.

"வாயாலை ஊதட்டோ, தம்பி?"

அவன் நிலத்தைப் பார்த்தான். குழாயை அவனுடைய கையில் கொடுத்துவிட்டுப் போய் மற்றப் பக்கம் குந்தினாள்.

இன்றைக்குக் கரையிலுள்ள மற்ற வலைக்காரரும் அவளிடமே மீன் ஏற்றுகிறார்கள். ஐஸ் போட்டு வைக்கக் கொடிகாமத்தில், றோட்டோரம் ஒரு கொட்டிலும், தான் தங்க ஒரு அறையும் எடுத்தாள். வாகனத்தை அவளுடைய பெயருக்கு மாற்றிக் கொடுத்தவர் தமையன்தான். இதையும் சின்னாச்சி சொல்லமாட்டாள்.

அவள் தமையன் வீட்டிலிருந்து வெளிக்கிட்ட காலையில், பாயும் உடுப்புப் பையும் ஏறின பிறகு, படலைக்கு வெளியே தார் றோட்டுவரை நீளும் மணல் ஒழுங்கைக்காகக் காற்றை இறக்கக் குந்தினாள். மூன்று மூடிகள் வாய்க்குப் போயின. நாலாவது ரயரடியில் தியாகலிங்கம் ஏற்கெனவே குந்தியிருந்தார். மூடியைக் கழற்றினவர், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன்னுடைய வாயில் வைத்துக்கொண்டார். காற்று சீறி அடங்கியது. இரண்டு பேரும் எழும்பினார்கள். இரண்டு பேராலும் கதைக்க முடியவில்லை. கௌரி கையை நீட்டினாள். அவர் மூடியை எடுத்துச் சாரத்தின் ஓரத்தில் துடைத்து, அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அதையும் மற்ற மூன்றோடு கன்னத்துக்குள் போட்டுக்கொண்டு, அவள் தலையை ஆட்டினாள்.