வேணாம் அக்காவின் சிவப்புக் கொடி

வசந்தமாம், வசந்தம்! அந்த வார்த்தையை எவனாவது வாய் நிறையச் சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். குளிர்காலம் முடிந்து நாலு நாள் வெயில் தலைகாட்டியதும் எங்கள் படகுத்துறைக்கு ஒரு கூட்டம் வந்து இறங்கும். கறுப்புக் கண்ணாடி, அரை டிராயர், கையில் பீர் டின். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், "தண்ணி என்னா அழகா இருக்கு பாருங்க, அலையே இல்ல!" என்பார்கள். மத்தியானம் அதே ஆட்கள் வெளிறிப்போன மூஞ்சியோடு திரும்பி வந்து, படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டு வாந்தி எடுப்பார்கள். அந்தக் கர்மத்தை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நாங்கள்.

வெயில் சுடுவது நமக்குத்தான், கடலுக்கு இல்லை. அந்த மாதங்களில் தண்ணீருக்குள் இன்னும் குளிர்காலம்தான். காலையில் மூடுபனி இருக்கும், அது விலகினால் அசையாத அமைதி. வெயில் ஏறித் தரை காய ஆரம்பித்ததும் கடலிலிருந்து காற்று கிளம்பிவிடும். விரிகுடாவிலிருந்து நீர் வெளியே வடிகிற நேரமாகவும் அது அமைந்துவிட்டால் போச்சு. உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் நீரும் விரிகுடாவின் வாயில் முட்டிக்கொண்டு, குட்டை குட்டையாக, செங்குத்தாக அலை எழும்பும். சின்னப் படகுக்கு அங்கே வேலையே கிடையாது.

இதையெல்லாம் பார்த்துத் துறைக் கம்பத்தில் கொடி ஏற்றுவது என் அண்ணியின் வேலை. சிவப்பு ஏறினால் யாரும் போகக் கூடாது. மஞ்சள் என்றால் விரிகுடாவின் நடுவிலிருக்கும் பாறைவரை போகலாம். கம்பம் வெறுமையாக இருந்தால் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இவ்வளவுதான் சட்டம், குழந்தைக்குக்கூடப் புரியும். படகுக்காரர்களுக்கு மட்டும் புரியாது.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி துறைமுக அலுவலகத்தில் டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய கொடிக்காரர் ஓய்வு பெற்றதும் அந்த வேலைக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோரிடமும் திட்டு வாங்குகிற வேலைக்கு எவன் வருவான்? அண்ணி வந்தாள். இதில் வேடிக்கை, அவள் படகில் கால் வைத்ததே இல்லை. கரையில் கட்டிப்போட்ட படகில் நின்றாலே தலை சுற்றிவிடும். என் அண்ணனோ சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். "கடல்ல நான், கரையில இவ. அதான் சண்டை இல்லாம குடும்பம் ஓடுது" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

தினமும் காலையில் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு அண்ணி துறைப்படியில் இறங்குவாள். புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு அப்படியே வைத்திருப்பாள். விரல் மரத்துப்போய் மடக்க முடியாமல் ஆகும்வரை எடுக்க மாட்டாள். யாராவது வாதாட வந்தால் அந்தச் சிவந்த கையை நீட்டி, "நீங்களும் விட்டுப் பாருங்க. அப்புறம் பேசலாம்" என்பாள். ஒருத்தனும் விட்டுப் பார்த்ததில்லை. வயர்லெஸ்ஸில் நாள் முழுக்க "வேணாம், திரும்புங்க, வேணாம்" என்று கத்திக் கத்தி அவளுக்கு 'வேணாம் அக்கா' என்றே பேர் வந்துவிட்டது.

அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் நீச்சல் வாத்தியார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர், கையால் துடுப்புப் போடும் ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். வந்ததும் முதலில் கம்பத்தைப் பார்ப்பார். சிவப்பு என்றால் மறுபேச்சு இல்லை, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். படகுக்காரர்கள் "மீனுக்கே நீச்சல் சொல்லித்தர்ற ஆளு, குளிருக்குப் பயப்படறாரு பாரு" என்று கேலி செய்வார்கள். "ஆமாப்பா, பயந்தான்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

அன்றைக்குக் காலையிலேயே அண்ணி சிவப்பை ஏற்றிவிட்டாள். அண்ணனின் முதலாளிக்கோ யாரோ பெரிய இடத்து விருந்தாளிகள். விரிகுடாவின் வாயைத் தாண்டிப் போய்க் கடலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். முதலாளி என்றால் சென்ட் வாசனை பத்தடி முன்னால் வரும். அவர் படகில் லைஃப் ஜாக்கெட்டுகளை மடித்து சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். உட்கார மெத்தென்று இருக்குமாம். காற்றில் பறந்தும் போகாதாம். அவசரத்துக்கு எப்படி அவிழ்ப்பது என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "அபசகுனமா பேசாதம்மா" என்றார். தூ!

முதலாளி போய்த் துறைமுக அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பல்லைக் குத்திக்கொண்டே அண்ணியை மாடி அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். ஜன்னல் தெருப்பக்கம், அங்கிருந்து கம்பம் தெரியாது. "கொஞ்ச நேரம் கொடிய எறக்கினா என்னம்மா, குடியா முழுகிடும்?" என்று அவர் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழே என் அண்ணன் கம்பத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தான். மஞ்சளை ஏற்றினால் பாறையைத் தாண்ட முடியாது. அதனால் சிவப்பை இறக்கிச் சுருட்டி வைத்துவிட்டு, வெறுங்கம்பமாக விட்டுவிட்டுப் படகை எடுத்தான்.

எனக்கு இது தெரியாது. கவுண்டரிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தபோது கம்பம் வெறுமையாக இருந்தது, அண்ணிதான் இறக்கியிருப்பாள் என்று நினைத்தேன். அப்போது நீச்சல் வாத்தியார் வந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "அட, எல்லாமே திறந்துவிட்டாச்சா! காலைல சிவப்புன்னு சொன்னாங்களே" என்றார். "இப்பதான் எறக்கியிருக்காங்க போல சார்" என்றேன். "உங்க அண்ணி பார்த்து எறக்கினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு எல்லா வாரையும் இழுத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

அண்ணி மாடியிலிருந்து இறங்கிவந்து கம்பத்தைப் பார்த்ததும் போட்ட கூச்சலை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். ஓடிப்போய்ச் சிவப்பை ஏற்றினாள். வயர்லெஸ்ஸைப் பிடித்து "வேணாம், எல்லாரும் திரும்புங்க, வேணாம்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. பெரிய படகுகளில் வயர்லெஸ் உண்டு, ஒவ்வொன்றாகத் திரும்பின. அண்ணனும் விருந்தாளிகளோடு நனைந்துபோய்த் திரும்பினான். துடுப்புப் படகில் வயர்லெஸ் ஏது?

வாத்தியாரைப் பிற்பகலில்தான் கொண்டுவந்தார்கள். அவர் தண்ணீர் குடித்துச் சாகவில்லை. லைஃப் ஜாக்கெட் அவரை மிதக்கவைத்துத்தான் இருந்தது. படகு கவிழ்ந்து, அவ்வளவு நேரம் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கிடந்து உயிர் போயிருக்கிறது. செய்ய வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்த மனுஷன்!

அதற்கப்புறம் நடந்ததுதான் அசிங்கத்திலும் அசிங்கம். உடலைக் கரையேற்றும்போது கம்பத்தில் சிவப்பு பறந்துகொண்டிருந்தது, ஊரே பார்த்தது. முதலாளிக்கு அது போதும். "செவப்புக் கொடி பறக்குது, கண்ணு தெரியலையா? நீச்சல் தெரியும்ங்கிற திமிரு" என்று வாய் கூசாமல் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். அத்தனை படகுக்காரர்களும் ஜால்ரா போட்டார்கள். கம்பம் வெறுமையாக இருந்ததை நான் சொன்னால், "எப்படி எறங்குச்சு, நீ பாத்தியா?" என்று என் வாயை அடைத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணன் எல்லாவற்றையும் கக்கினான். கக்கிவிட்டு அண்ணியின் முன்னால் கையைக் கூப்பினான். "கொடி ஏறித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடு. இல்லேன்னா நான் ஜெயிலுக்குத்தான் போவணும்."

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "செத்தவர் திரும்பியா வரப்போறார்? கட்டின புருஷனக் காட்டிக்குடுப்பியா?"

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அண்ணன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, கூடப்பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள நாக்கூசியது. அவனோ சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். எப்படித்தான் இறங்கியதோ!

காரியமெல்லாம் முடிந்து வாத்தியாரின் மனைவி துறைக்கு வந்தாள். அழுது ஓய்ந்த முகம். நேரே கம்பத்தடிக்குப் போய் அண்ணியின் எதிரில் நின்றாள். படகு கழுவிக்கொண்டிருந்த அண்ணன் குழாயை மூடினான். முதலாளி அவசரமாக எழுந்துவந்து, "அம்மா, அது வந்து, அவரு கொடியப் பாக்காம..." என்று ஆரம்பித்தார்.

"உங்கள நான் கேக்கல" என்றாள் அவள். பிறகு அண்ணியிடம் திரும்பினாள். "அவர் போறப்ப கொடி இருந்துச்சா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணுங்க."

அண்ணன் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. கம்பம் வெறுமையா இருந்துச்சு. அவர் பாத்துட்டுத்தான் போனார். நான் ஏத்தின கொடிய எறக்கினது அதோ நிக்கிறாரே, என் வீட்டுக்காரர். யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்."

அண்ணன் "ஐயோ" என்று தலையில் கைவைத்துப் படகிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலாளி போன இடம் தெரியவில்லை.

அந்தப் பெண் அண்ணனைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாக, தூற்றட்டும் என்றுதான் நினைத்தேன். அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்தாள். அண்ணி குனிந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"எல்லாரும் திமிரு திமிருன்னு சொன்னாங்கக்கா" என்றாள் அவள். "நானும் நம்பிட்டேன். அவர சுடுகாட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னால, அவர் மூஞ்சியப் பாத்துத் திட்டினேன்."