பச்சைக் கயிறு கட்டிய மூட்டை

எங்கள் வீட்டு வாசற்படியில் கால் துடைக்க ஒரு பழைய யூரியா சாக்கு கிடக்கிறது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைக் குப்பையில் போட்டுவிட்டு நல்ல மிதியடி வாங்கி வைக்கிறாள். நான் போய் எடுத்து வந்து திரும்பவும் அதே இடத்தில் போடுகிறேன். அதன் வாயில் பச்சை நைலான் கயிறு இன்னும் முடிச்சோடு இருக்கிறது. முடிச்சை அவிழ்க்காமல், அடியைக் கிழித்துத்தான் உள்ளே இருந்த மணலைக் கொட்டினேன். அந்த முடிச்சைப் போட்டவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன்.

உத்திரமேரூருக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். ஏரி பெரியதில்லை. அது நிறைந்து வழிகிற இடத்தைக் கோடி என்போம். கோடி போனால் பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுபோய்த் தண்ணீருக்குப் படைப்போம், ஆடு வெட்டுவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஐப்பசியில் தொடங்கும் மழை விட்டு விட்டுக் கார்த்திகை முடிய வரும். பிறகு அதன் குணம் மாறிவிட்டது. ஒரு மாதம் பெய்ய வேண்டியதை இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போய்விடும். மாசியிலேயே ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வயலில் குனிந்து நிற்கிறவர்களுக்கு முதுகே சொல்லிவிடும்.

மூத்தார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கோடியின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி இன்னும் இரண்டடி தண்ணீரை நிறுத்துவது. "பேயறது ரெண்டு நாளு. அத்தையும் கோடில வுட்டுட்டு, பங்குனி வரிக்கும் மானத்த பாத்துக்கினு குந்த சொல்றியா?" என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள்.

கோடிக்குப் பக்கத்தில், கரைக்குக் கீழே இருந்தது எங்கள் வீடு. பாகம் பிரித்தபோது மேட்டு மனையைத் தான் வைத்துக்கொண்டு, பள்ளத்தைத் தம்பிக்குத் தள்ளிவிட்டவரும் அவரே. இதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். சாப்பிடுகிறாரா என்பதைக்கூட வீட்டுக்காரர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். இயல்பிலேயே கூச்சக்காரியான எனக்கு அது அன்றுவரை வசதியாகத்தான் இருந்தது.

மூட்டை அடுக்கிய அந்த ஐப்பசியில், முந்தின நாள் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது, கரையின் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்து வருவதைப் பார்த்தேன். தெளிந்த தண்ணீராக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சேறாக வந்தால் கரைக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம். வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"அண்ணங்கிட்ட சொல்லி மூட்டைய எடுக்க சொல்லுங்க. கரை ஊறிக்கினு கீது."

"கம்முனு இரு. அவருக்குத் தெரியாததா?"

நானே கோடிக்குப் போனேன். ஆண்கள் குடை பிடித்துக்கொண்டு, கடல் மாதிரி நின்ற தண்ணீரை ரசித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மூத்தார் நின்றார். "மாமா, மூட்டைய எடுத்துடுங்க. எங்க வூட்டாண்ட சேத்துத் தண்ணி வருது" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பின்னாலேயே வந்து நின்ற தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாடா, உன் பொண்டாட்டி மழைச் செய்தி வாசிக்கிறா? டிவில சேத்து வுட்டுட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். "இத்தினி வருசத்துல அண்ணி இன்னிக்கிதான் வாயத் தொறந்து பாக்குறேன்" என்றான் ஒருவன். பூத்தட்டோடு நின்ற பெண்கள், மூத்தார் எதிரில் இப்படியா நின்று பேசுவாள் என்று முணுமுணுத்தார்கள். நான் எதைச் சொன்னேன் என்பது அங்கேயே மறந்துபோனது. நான் பேசியதுதான் எல்லாருக்கும் பேச்சு.

நான் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்து மாட்டை அவிழ்த்தேன், மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறினேன். உச்சிவேளைக்கு முன்பே கரை பிளந்தது. மண்சுவர் வீடு, நெல் குதிர், மகளின் புத்தகங்கள், என் கல்யாணப் புடவை, எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயின. வீடு இடிந்து விழும் என்றுதான் நினைத்திருந்தேன். அது வெல்லக்கட்டி போலக் கரைந்தது.

மறுநாள் டிவிக்காரர்கள் மைக்கோடு வந்தார்கள். மூத்தார் வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார். "இயற்கை சீற்றம்ங்க. பூமியே சூடாயிடிச்சின்றாங்க. நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். பூமி சூடானது உண்மைதான். மழை வானத்திலிருந்துதான் வந்தது. மூட்டைகள் அங்கிருந்து வரவில்லை. ஊரில் மூட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. மூத்தாரை எதிர்த்துப் பேசிய வாயால்தான் ஏரி உடைந்தது என்று மட்டும் சிலர் பேசிக்கொண்டார்கள். சேற்றை வாரும்போது, எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் இந்தச் சாக்கு அகப்பட்டது. இந்தப் பச்சைக் கயிறு முன்பு மூத்தாருடைய பம்புசெட்டில் கட்டியிருந்தது. ஊருக்கே தெரியும்.

வேறு நிலம் இல்லாததால் அதே பள்ளத்தில்தான் மறுபடியும் வீடு கட்டினோம். காலப்போக்கில் மூத்தாரின் மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டு, அவரைக் கரைக்குக் கீழே மோட்டார் கொட்டகையில் குடிவைத்துவிட்டார்கள். இந்த ஐப்பசியில் அதே மகன்கள் கோடியில் மூட்டை அடுக்கினார்கள். மழை பிடித்த மறுநாள் காலை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, கொட்டாயாண்ட சேத்துத் தண்ணி வருது. எம்பேச்ச எவனும் கேக்க மாட்றான். நீ வந்து சொல்லும்மா. நாலு பொம்பளைங்களாவது உங்கூட வருவாங்க."

நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "உங்க அண்ணன் இன்னாமோ சொல்றாரு. இன்னான்னு கேளுங்க."

கைக்கெட்டும் தூரத்தில்தான் மூன்று பேரும் நின்றோம். வீட்டுக்காரர் கேட்டார். மூத்தார் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். வீட்டுக்காரர் அதை என்னிடம் சொன்னார். அதுவரை காத்திருந்தேன். மூத்தார் நின்றுகொண்டிருந்தது அந்தச் சாக்கின் மேல். வேட்டியிலிருந்து தண்ணீர் பச்சை முடிச்சில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. கூரை ஓரத்தில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, அவரைச் சுற்றி இறங்கி, மூட்டைகளைக் கிழிக்கக் கோடிப் பக்கம் நடந்தேன்.