வலை கடலில் கிடக்கும்போது சொல்லாத பெயர்

வவுனியாவிலிருந்து விடிய ஐந்தரைக்குப் புறப்பட்ட பேருந்து மாங்குளத்தில் கிழக்கே திரும்பியது. அங்கிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். சொற்களின் வேர் தேடுவது என் வேலை. கடலாமைக்கு மலாயில் பெயர் பென்யு. ஃபிஜியில் வொனு, ஹவாயில் ஹொனு, மடகாஸ்கரில் ஃபானு. நான்கும் ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். அந்தச் சொல்லைச் சுமந்த கடலோடிகள் இந்தக் கரையிலும் எதையாவது விட்டுப்போனார்களா என்று பார்க்க வந்தேன்.

ஒன்பது மணிக்குக் கடற்கரையில் கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழமை கடல் கொந்தளித்த பிறகு விழுந்த முதல் வலை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மரியதாஸ் கயிற்றின் தலைப்பில் நின்றார். மீன்கூடையுடன் காத்திருந்த அவர் மனைவி திரேசம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, இங்கே ஆமைக்கு வேறு பெயர் உண்டா?"

கயிறு நின்றது.

"வலை கடலுக்குள்ள கிடக்கேக்க அந்தப் பேரைச் சொன்னா அது வந்திடும்!" என்றார் திரேசம்மா.

"ஆரப்பா இவரைக் கூட்டியந்தது?" என்று ஒருவர் கத்தினார்.

"ஒருத்தருமில்லை. தானா வந்தவர்."

"அப்படியானால் அதை என்னவென்று சொல்வீர்கள்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லமாட்டம். வாயை மூடிக்கொண்டு கயித்தைப் பிடியுங்கோ."

பிடித்தேன். மீன் சேரும் பையான வலையின் மடி கரைக்கு வந்தது. உள்ளே ஒரு கைப்பிடிச் சூடை மீன், ஒரு பெரிய கிழிசல், கிழிசலுக்குப் பக்கத்தில் அண்டா அளவில் ஓர் ஆமை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மீனைக் காணேல்லை. ஐயான்ர விருந்தாளி மட்டும் வந்திருக்கிறார்," என்றார் மரியதாஸ். அதைக் கடலில் விடவேண்டும் என்பது சட்டம். கூப்பிட்டவரே கொண்டுபோய் விடட்டும் என்பது அவர் தீர்ப்பு. இருவர் கைகொடுக்கத் தூக்கினேன். துடுப்பால் என் விலாவில் ஓங்கி அறைந்துவிட்டுப் போனது.

"நன்றி சொல்லுது," என்றார் திரேசம்மா.

கிழிசலைத் தைத்து மறுபடி வலை விட்டார்கள். இதிலும் மீன் படாவிட்டால் இழுத்தவர்கள் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும். என்னை வீதிக்குப் போகச் சொன்னார்கள்.

"இனி ஒன்றும் கேட்கமாட்டேன்," என்றேன்.

"கேக்கத் தேவையில்லை. நினைச்சாலும் வரும்."

கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். ஒரு பெயரைத் தீவு தீவாகக் கொண்டுபோனவர்களைத் தேடி வந்தவனுக்கு, அதே பெயரை மனதுக்குள் வரவிடாமல் காக்கும் வேலை கிடைத்திருந்தது. எளிதல்ல. வீதியோரம் மேய்ந்த ஆடுகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குக் கரையில் ஆரவாரம். கூடை கூடையாகச் சூடை. மரியதாஸே இரண்டு பாரை மீன்களோடு வீதிக்கு வந்தார்.

"என்னத்தை நினைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"ஆட்டை."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கும் வந்து நினையுங்கோ," என்றார்.