பன்றிக்கென்று வாங்கிய வில்

புதிதாகச் சீவிய மரமும் தேன்மெழுகும் சேர்ந்த வாசனை... நல்ல வாசனைதான். ஆனால் அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்.

"பழைய பலெர்மோ நாட்களின் படம் இருந்தால் போடுங்கோ அக்கா" என்று இந்த முகநூல் குழுவில் பலர் கேட்டுவிட்டீர்கள். போடமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோவில், மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம், சிஞ்ஞோரே என்று நாங்கள் கூப்பிடும் வயதான முதலாளி ஒருவரின் வீட்டில் எனக்கு வேலை. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவள், அவருடைய சட்டைகளை அயன் பண்ணினேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. என் தங்கையின் மகன் சுதன் அதே வீட்டில் தோட்டத்தைப் பார்த்து, காரும் ஓட்டினான்.

தாயை முல்லைத்தீவில் விட்டுவந்து வருடங்கள் ஓடியிருந்தன. அந்த முறைதான் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, ஒழுங்காகக் கையில் கிடைத்து, ஆவணியில் ஊருக்குப் போக டிக்கெற் எடுத்திருந்தான். தங்கை அங்கே வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

சிஞ்ஞோரேக்குத் துப்பாக்கி அலுத்துவிட்டது. காட்டுப்பன்றியை இனி வில்லால்தான் வேட்டையாடுவாராம். அதுவும் சில்லுப் பூட்டிய நவீன வில் அல்ல, கையால் செய்த ஆளுயர மரவில். பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் ஒருவர் செய்கிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். சுதன் கார் ஓட்ட... நான் கோட்டும் மருந்துப்பையும் தூக்க.

வில் செய்கிறவர் மூன்று வில்களைச் சுவரில் சாத்தினார். ஒரே கட்டையில் முதுகுப் பக்கம் வெளிமரத்தின் வெள்ளை, வயிற்றுப் பக்கம் உள்மரத்தின் வைரம். மரத்தின் வரி நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும் என்று விரலால் தடவிக் காட்டினார்.

"பன்றிக்கு ஐம்பது இறாத்தல் இழுவையாவது வேண்டும். குறைந்தால் சாகாது, காயத்தோடு ஓடும். ஆனால் உங்களால் இழுத்துப் பிடிக்க முடிந்ததுதான் உங்கள் வில். இழுங்கள், பார்ப்போம்."

சிஞ்ஞோரேயின் வலது தோள் ஒபரேஷன் செய்த தோள். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. "சுதன் என் உயரம்தான். அவன் இழுக்கட்டும்" என்றார்.

"சப்பாத்து வாங்கவும் இவனைத்தான் அனுப்புவீர்களா?" என்று கேட்டார் வில்காரர்.

சுதன் என் பக்கம் திரும்பினான். "பெரியம்மா, எனக்கு உதெல்லாம் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். "வெட்கப்படுகிறான்" என்று சிஞ்ஞோரே தனக்கு வசதியாக விளங்கிக்கொண்டார்.

சம்பளம் தருகிற மனிதர். இழுத்தான். கரைவலை இழுத்து வளர்ந்த முதுகு அது. நாண் வாயோரம்வரை வந்து அசையாமல் நின்றது. அம்பில்லாமல் நாணை விட்டால் வில் ஒடியும், மெதுவாகத் திருப்பிக் கொண்டுவா என்றார் வில்காரர். அதற்குள் சிஞ்ஞோரேயின் போன் தன் வேலையை முடித்துவிட்டது.

மாலையே முகநூலில் படம், சுதனின் பெயரோடு. மேலே ஒரு வரி: 'எங்கள் தமிழ்ப் போர்வீரன்.'

பள்ளிக்கூடம், வலை, அகதி முகாம், பிறகு இந்தத் தோட்டம். அவன் கண்ட போர் முழுக்கப் பதுங்குகுழிக்குள் இருந்து கண்டது.

சிஞ்ஞோரேயை அறியாமைக்காக அரைவாசி மன்னிக்கலாம். உங்களை? 'வன்னி மண் எண்டால் சும்மாவா', 'மச்சான் திரும்ப இயக்கம் தொடங்கீட்டான் போல' என்று எழுதி எழுதிப் பகிர்ந்தது எங்களுடைய ஆட்கள். சிலர் இன்றும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவருக்கும் ஊரில் தாய் இல்லையா என்று அன்றைக்கே கீழே எழுதிக் கேட்டேன். அதற்கும் லைக் போட்டீர்கள்.

அடுத்த கிழமை தங்கை வைபரில் எடுத்தாள்.

"அக்கா, சிவில் உடுப்பில ரெண்டு சி.ஐ.டி. ஆக்கள் வந்தவை. படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தவை. மகன் அங்கை பயிற்சி எடுக்கிறாரோ எண்டு கேக்கினம்."

"பண்டி வேட்டைக்கு எண்டு சொன்னனியோ?"

"ஓம், சொன்னனான். எந்தப் பண்டி எண்டு கேக்கினம்."

பிறகு சொன்னாள்: "அவனை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. பெயின்ற் வாசம் இன்னும் போகேல்லை... பரவாயில்லை. வரவேண்டாம்."

மறுநாள் சிஞ்ஞோரேயிடம் படத்தை எடுக்கச் சொன்னேன். "அழகான படம் அல்லவா? எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது தெரியுமா?" என்றார்.

"அப்படிப் பிடித்துப்போன இரண்டு பேர் என் தங்கையின் வாசலில் நிற்கிறார்கள்" என்றேன்.

எடுத்தார். எடுத்துக்கொண்டே, "நீங்கள் எதிலும் போரைத்தான் பார்க்கிறீர்கள்" என்றார். அன்று அவருடைய சட்டை அயன் பண்ணப்படவில்லை.

சுதனின் தோளுக்கு வாங்கிய வில்லை அவரால் பாதிகூட இழுக்க முடியவில்லை. பன்றிகள் தப்பின. வில் வரவேற்பறைச் சுவருக்குப் போனது. சுதன் தாயைப் பார்த்தது அதற்கு எவ்வளவோ பிறகு, ஊருக்குப் போக வழியில்லாமல் இருவரும் இந்தியாவுக்கு வந்து, திருச்சியில் ஒரு லொட்ஜ் அறையில், அவளுடைய ஒரு கண் மங்கிய பின்பு. அந்த வெள்ளை அடித்த வீட்டை அவன் இன்னும் காணவில்லை.

இப்போது சிஞ்ஞோரே இல்லை. வீட்டை ஒதுக்கிய மகள், "சுதனுக்கு ஒரு ஞாபகம்" என்று வில்லைக் கொண்டுவந்து தந்தாள். அவன் தொடவில்லை. நாணை நான் கழற்றிக் குப்பையில் போட்டேன். பலெர்மோவின் அல்பெர்கேரியாவில் என் வீட்டுப் பல்கணியில் உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்கு வில் முட்டுக் கொடுக்கிறது. நல்ல மரம், ஈரச் சீலையின் பாரத்தையும் தாங்குகிறது.

போன ஞாயிறு சுதனின் மகள் அதன் பக்கத்தில் நின்று போனைத் தூக்கினாள். "ஃபோட்டோ எடுக்கட்டோ, பெரியப்பம்மா?"

"வேண்டாம்" என்றேன்.

போனை இறக்கினாள்.

அவ்வளவு சுலபமான காரியம் அது.