சுண்ணாம்புக் குழியோரம் எனக்குக் கிடைத்த குரல்

பிரியமான சகோதர சகோதரிகளே, போன வருஷம் ஆவணியில் எனக்குத் தொண்டை போயிற்று. நான் எழுந்து நின்று சொன்னால் முதல் வரிசைக்கே கேட்காது. ஆகையால் என் சாட்சியை எழுதித் தருகிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் எனக்கு வாய்தான் வேலை. சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத் தோல்களை எட்டுப் பேர் ஒரே மூச்சில் இழுக்கும்படி குரல் கொடுப்பேன். நடுவில் மேஸ்திரியின் தொப்பையைப் பற்றியும் ஒரு வரி சேர்ப்பேன். ஜெபக் கூட்டத்திலும் அப்படித்தான். நான் ஜெபிக்கத் தொடங்கினால் வீட்டில் சோறு குழைந்துவிடும் என்பார்கள். அத்தனை நீளம், அத்தனை சத்தம். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று நினைத்தேன் போலும்.

அந்த ஆவணியில் தொண்டை வீங்கி மூச்சடைத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் துரைசானி டாக்டரம்மா வாய்வழியாக ஓர் உலோகக் குழாயை இறக்கி உயிரைப் பிடித்து வைத்தார். ஆறாம் நாள் அதை எடுத்தார். மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை. குழாய் அழுத்திய இடம் புண்ணாகி, தழும்பேறி, விறைத்துவிட்டதாம்.

என் மனைவி ரூத்துக்கு அம்மையில் இரண்டு கண்ணும் போய் ஒன்பது வருஷம். அவளுக்கு நான் என்றால் என் சத்தம்தான். குருட்டு மனைவிக்கு ஊமைப் புருஷன்! அவள் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

"இன்னாயா, இருக்கியா? நீ வாய மூடுனா வூடு இம்மா பேஜாரா இருக்கும்னு யாரு கண்டா?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். என் கையை மட்டும் விடமாட்டாள்.

என் புத்தியைக் கேளுங்கள். விறைத்த தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதமாக்குகிறோமே, தொண்டையும் தோல்தானே என்று ஷாப்புத் தொட்டியிலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்து மூன்று நாள் கொப்பளித்தேன். கொஞ்சம் விழுங்கியும் வைத்தேன். துவர்ப்பு தொண்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. என் மூச்சு விசிலடிப்பதைக் கேட்டு, ரூத்துதான் அக்கம்பக்கத்தாரை அலறிக் கூப்பிட்டு என்னை வேலூருக்கு ரயிலேற்றினாள்.

"மாசிலாமணி, நீ என்ன மாட்டுத் தோலா?" என்றார் டாக்டரம்மா. வாரந்தோறும் தொண்டைக்குள் கம்பி விட்டு வழியை அகலப்படுத்தினார். "மூச்சுக்கு நான் பொறுப்பு. குரலுக்கு வாக்குத் தர மாட்டேன்."

ஷாப்பில் குரல் கொடுக்க வேறு ஆள் வந்துவிட்டான். எனக்குப் பட்டை இடிக்கும் வேலை. செத்துப்போகலாம் என்றுகூட எண்ணினேன், உங்களிடம் மறைப்பானேன்? வாழ்நாளில் முதன்முறையாகச் சத்தமில்லாமல் ஜெபித்தேன். ஆண்டவரே, ஷாப்புக்கு எட்டும் குரல் வேண்டாம். இவளுக்கு எட்டினால் போதும். ஐந்து மாதம் இதே ஜெபம். பதில் இல்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல். முதலாளியும் மேஸ்திரியும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் சோற்றுக்கு. நான் மட்டும் பட்டைக் கொட்டகையில். எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு ரூத் சுவரைத் தடவியபடி வந்தாள். குழியின் மேல் கிடக்கும் பலகை அவள் காலுக்குப் பழக்கம். அன்று காலை, பட்டை மூட்டைகளை அடுக்க அந்தப் பலகையை எடுத்த மடையன் நானேதான். அவளுக்கு முன்னே திறந்த சுண்ணாம்புக் குழி. நாலே அடி. ஓடினேன். பிடிக்க முடியாதென்று தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"ரூத்து!"

தகரத்தைக் கிழித்தாற்போல ஒரு சத்தம். அவள் தூக்கிய காலோடு நின்றாள்.

"யார்ரா அது, எம்பேர சொல்றது?"

"நான்... தான்."

சோற்றுச் சட்டி விழுந்து உடைந்தது. நான் போய் அவளைப் பின்னால் இழுத்தேன். என் முகம், கழுத்து எல்லாம் தடவினாள். "இன்னாயா இது, தவள கொரலு?" என்றவள், என் தோளில் விழுந்து அழுதாள்.

அதற்குமேல் என் குரல் தேறவில்லை, இனியும் தேறாதாம். நாளொன்றுக்குப் பத்து வார்த்தைக்குமேல் பேசினால் தொண்டை எரிகிறது. அந்தப் பத்தையும் ரூத்துக்கே வைத்திருக்கிறேன். நான் கேட்ட அளவையே கர்த்தர் தந்தார். கொஞ்சம் ஜாஸ்தியாகக் கேட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். மன்னியுங்கள், பழைய குணம்.

உங்களில் யாராவது துக்கத்தில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், அப்படியே உட்கார்ந்து ஆண்டவரிடம் கேளுங்கள். அந்த ஐந்து மாத ஜெபத்தில் என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் அத்தனையும் கேட்டிருக்கிறார். அவருக்கே ஸ்தோத்திரம்.