றோசாலி அக்காவின் நூறு பங்கு

எங்கள் கம்பனியில் பங்கு வைத்திருக்கும் பதினெட்டுப் பேரில், கையெழுத்துப் போடுமுன் தாளை முழுதாக வாசிக்கிற ஒரே ஆள் றோசாலி அக்காதான். ஐந்தாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவர். விரலை வைத்து வரி வரியாக வாசிப்பார். நாங்கள் பிளேன்டீ குடித்து முடித்து, மணியைப் பார்த்துப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

என் பெயர் முஸ்தாக். பெரகல சந்தியில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். அக்கா ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த சேமலாப நிதியில் மகன் ஆட்டோ வாங்கித் தரச் சொன்னான். அக்கா கேட்கவில்லை. மாணிக்கராஜ் ஆரம்பித்த தேயிலைத் தூளை நிறுத்துப் பக்கற் போடும் கம்பனியில் கொண்டுபோய்ப் போட்டார். மொத்தம் ஆயிரம் பங்கு. அதில் அக்காவுக்கு நூறு. அந்த நூறும் சும்மா சொன்ன கணக்கில்லை. பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் இயக்குநர் சபையில் உட்காரலாம் என்று கம்பனி விதியில் இருந்தது. அதை வாசித்துவிட்டுத்தான் நூறு என்றார்.

இயக்குநர்கள் எல்லோரும் சம்மதித்தால்தான் வேலையாட்களை நிறுத்தலாம் என்று இன்னொரு விதியும் உண்டு. பக்கற் கட்டுகிற எட்டுப் பெண்களும் அக்காவின் லயத்தில், அதே வரிசை வீடுகளில், இருப்பவர்கள். அவர்களை அனுப்பிவிட்டு மெஷின் போட வேண்டும் என்று மாணிக்கராஜ் இரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறார். அக்கா இரண்டு வருஷமாக முடியாது என்கிறார். கூட்டத்துக்குக் கூட்டம் இதே சண்டை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன மாரியில் ஸ்டோரின் கூரை ஒழுகித் தேயிலை நனைந்தது. கூரை போடப் பணமில்லை, புதுப் பங்கு விடுவோம் என்றார் மாணிக்கராஜ். பழைய பங்கு ஒன்றுக்குப் புதுப் பங்கு ஒன்று. கடிதம் அனுப்பி இருபத்தொரு நாளைக்குள் வாங்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். மிச்சம், கேட்கிற மற்றவர்களுக்கு. கூரை என்பதால் அக்காவும் சம்மதித்தார். பங்கு இரண்டாயிரமானால் தனக்கு இருநூறு வேண்டும், இல்லாவிட்டால் சபையில் இடமில்லை என்று அவருக்குத் தெரியும். வளர்த்த பசுவை விற்று, காசை வங்கியில் போட்டு வைத்தார்.

மாணிக்கராஜிடம் கேட்டும் பார்த்திருக்கிறார். "கடுதாசி தபால்ல வரும்க்கா. வந்ததும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாராம் அவர்.

கடிதம் நாலாம் நாளே வந்துவிட்டது, தோட்டத்து ஆபீசுக்கு. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. தபால்காரர் எல்லாவற்றையும் ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஓய்வு பெற்றவருக்குப் பெரட்டு ஏது? கடிதம் தட்டில் கிடந்தது. அக்கா வீட்டில் காத்திருந்தார். ஆபீசில் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கப் போனால், வந்தால் கூப்பிட மாட்டோமா என்று எரிந்து விழுவார்கள். முப்பத்து நாலு வருஷமாகக் கூப்பிட்டால் போகிற பழக்கம். இருபத்தாறாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார்கள். அந்த ஆபீசை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த கூட்டம் ஹப்புத்தளையில், கோயில் மண்டபத்தில் நடந்தது. அக்கா கடித உறையை மேசையில் வைத்தார்.

"நாங்க அனுப்புன தேதிதான் கணக்குக்கா. விதி அப்புடித்தான் இருக்கு" என்றார் மாணிக்கராஜ்.

"என் கைக்கு வந்த தேதிக்குக் கணக்கு இல்லீங்களா தம்பி?"

"அட்ரஸ் நீங்க குடுத்ததுதானே."

"வேற அட்ரஸ் எங்களுக்கு எங்க இருக்கு?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "இது அநியாயம் மாணிக்கராஜ். போன்ல ஒரு கோல் எடுத்து வந்துச்சான்னு கேட்டிருக்கலாமே. வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சத்தம் போட்டேன். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அக்கா என்னை நன்றியோடு பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "எனக்கு வர வேண்டிய நூறு யாருக்குப் போச்சு?"

மாணிக்கராஜ் கொப்பியைப் புரட்டினார். "நூறும் முஸ்தாக் நானாவுக்குத்தான். மிச்சமிருந்தா வேணும்னு அவர் ஒருத்தர்தான் எழுதியிருந்தாரு."

உண்மைதான். கடிதத்தோடு வந்த படிவத்தின் கடைசி வரியில் நூறு என்று எழுதியிருந்தேன். யாருடைய மிச்சம் என்று யோசிக்கவில்லை. மெஷின் வந்தால் பங்கு விலை இரட்டிப்பாகும் என்று மாணிக்கராஜ் கடைக்கு வந்து சொன்னதை மட்டும்தான் யோசித்தேன். வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஆனால் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா, நானாகிட்டதானே இருக்கு. மாடு வித்த காசு அப்புடியே இருக்குங்க. நாளைக்கே எடுத்துத் தாறேன், என் பேருக்கு மாத்திக் குடுத்துருங்க" என்றார்.

மண்டபமே என்னைப் பார்த்தது. மாணிக்கராஜும் பார்த்தார்.

"பாப்போம்க்கா" என்றேன்.

அக்கா, "சரிங்க நானா" என்று உறையை எடுத்துக்கொண்டு, இயக்குநர்கள் உட்காரும் பக்கத்திலிருந்து எழுந்து வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தார்.

மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த மாதம் வந்து இறங்கும். எட்டுப் பெண்களும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அக்கா முன்போலவே என் கடைக்கு வருகிறார், பருப்பும் சவர்க்காரமும் வாங்குகிறார், மழையைப் பற்றிப் பேசுகிறார். பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இன்னொரு தடவை கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று நான் தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.