வழி கேட்டு மன்றாடிய மத்தியானம்

அப்பாவின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்று கல்முனை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது நான் செய்து கொடுத்த சத்தியம்தான். சீனி வருத்தம் என்ற நீரிழிவால் கால்விரல் கறுக்கத் தொடங்கியபோதே அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்.

“என்ன நடந்தாலும் கால வெட்ட விடாத மகள். நான் முழுசாப் போறன்.”

அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

இப்போது காலின் நஞ்சு இரத்தத்தில் ஏறியிருந்தது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு அறிய முடியாது. அம்மாவும் இல்லை, பிள்ளை நான் ஒருத்திதான்.

“பின்னேரத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. பிந்தினாக் காப்பாத்த ஏலாது” என்றார் டொக்டர்.

வாட்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து வேதப் புத்தகத்தில் சங்கீதங்களைத் திறந்தேன். வழியைக் காட்டும், பாதையைக் கற்றுத்தாரும் என்று தாவீது மன்றாடும் இடம். கோயிலில் எத்தனையோ தரம் யோசிக்காமல் சொன்ன சொற்களை அன்றைக்கு ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தேன். கொடுத்த வாக்கைக் காப்பதா, உயிரைக் காப்பதா? எது நீதி ஆண்டவரே? திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மூச்சு வருத்தத்தில் கிடந்த கணவருக்காகக் காத்திருந்த என்னைவிட மூத்த சாய்ந்தமருது முஸ்லிம் பெண் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன புள்ள ஓதுறீங்க?”

“சங்கீதம், ராத்தா. தாவீது ராசாட செபம்.”

“தாவூது நபிக்கு இறங்கின ஸபூர் வேதமா? கொஞ்சம் சத்தமா ஓதுங்க. எனக்கும் வேணும்.”

ஓதினேன். அழுகையில் குரல் நின்றுவிட்டது. அவரும் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

“வழி தெரியுதா?”

“இல்ல ராத்தா.”

“எனக்கும்தான்.”

உள்ளே போனேன். அப்பா கண்ணைத் திறந்து, என்னைத் தன் தாய் என்று எண்ணி, “அம்மா, எரியுது” என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. காலை எடுக்கச் சம்மதம் என்று ஒப்பம் வைத்தேன். மனம் தெளிந்து அல்ல, தாங்க ஏலாமல்.

பிழைத்தார். மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“நீயா ஓம் எண்டு சொன்ன?”

“ஓம் அப்பா.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வாங்குவார்; முகத்தைப் பார்க்க மாட்டார். நான் காலையில் அதே சங்கீதத்தை வாசிக்கிறேன். ஆண்டவரே, நீர் காட்டிய வழியில்தான் போனேனா, பயந்து ஓடினேனா என்று கேட்கிறேன்.

போன மாதம் ஒருநாள், தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி போடல்லையா?” என்றார்.

“இல்ல அப்பா.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார்.